நிறுவைத் துண்டு

மல்லாவி அரிசி ஆலை வாசலில்
ஏழு லொறி நிற்கிறது.
எட்டாவது வளைவில் நின்று ஹோர்ன் அடிக்கிறது.
நான் மேசைக்குக் கீழே,
பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு,
வாயில் மூன்று திருகாணியோடு.

பழைய மதர்போட் போன கிழமை
கரண்ட் விட்டுவிட்டு வந்ததில் கருகியது.
இது வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வந்தது,
றைவரின் சீற்றுக்குப் பின்னால்,
திராட்சைப் பெட்டி ஒன்றின் மேல்.
"பாவிச்சதுதான், ஆனால் அடிபடேல்லை"
என்றிருந்தான் விற்றவன்.

எல்லாம் பூட்டியாச்சு.
சுவிட்சை அமத்தினேன்.
ஒன்றுமில்லை.
உள்ளே ஒரு பச்சைப் பொட்டு மட்டும் எரிகிறது,
ஆள் வீட்டில்தான், கதவு திறக்கமாட்டார் என்பதுபோல.

"பிளக் குத்தினதோ?"
தலைக்கு மேலே மனேச்சர் தவபாலன்.
குத்தினது.

பவர் சப்ளையைத் தனியே எடுத்தேன்.
பச்சை வயரையும் கறுப்பு வயரையும்
பற்றுச்சீட்டுக் கட்டிலிருந்து உருவிய கிளிப்பால் தொடுக்க
அதன் காத்தாடி சுற்றியது.
அது குற்றவாளி இல்லை.

பிறகு சுவிட்ச் வயரில் சந்தேகம்.
முன்பக்க ஊசிகள் ஒன்பது,
பத்தாவது இடம் பல் விழுந்த முரசு.
வயரைக் கழற்றிவிட்டு
இரண்டு ஊசியை ஸ்க்ரூட்ரைவர் நுனியால் தொட்டேன்.
காத்தாடி அரைச் சுற்றுச் சுற்றி
நின்றது.

ஒன்றுமே நடக்காததைவிட இது மோசம் என்றது
மனேச்சரின் முகம்.
எனக்கு அது ஒரு சொல்.
செத்தது அரைச் சுற்றுச் சுற்றாது.
எழும்பப் பார்க்கிறது,
ஏதோ பிடித்து இழுக்கிறது.

றாமைக் கழற்றினேன். அரைச் சுற்று.
மற்ற றாமையும். அரைச் சுற்று.
நாலு துளைப் பிளக்கைக் கழற்றி, ஊதி, மறுபடி குத்தினேன்.
அரைச் சுற்று.
"தங்கச்சி, நெல்லு முளைக்கப் போகுது!"
வெளியே யாரோ.

கடைசியில் போர்டையே வெளியே தூக்கி
அது வந்த மட்டைப்பெட்டியின் மேல் வைத்தேன்,
குடல்போல வயரெல்லாம் தொங்க.
தொட்டேன்.
ஒரு முழுச் சுற்று. இன்னொன்று.
பிறகு எண்ண ஏலாமல்.

அப்ப பிழை போர்டில் இல்லை, பெட்டியில்.
ரோச் அடித்துப் பார்த்தேன்.
பழைய போர்டைத் தாங்கிய பித்தளைக் கால் ஒன்பது.
புதியது சிறியது, அதற்கு ஆறு துளைதான்.
இரண்டு கால் வெளியே தள்ளி நின்றன, பரவாயில்லை.
ஒன்று மட்டும் துளையே இல்லாத இடத்தில்
நடு முதுகில் குத்திக்கொண்டு நின்றிருக்கிறது.
குறட்டால் திருகி எடுத்தேன்.
ஒரு நெல்லு நீளம்.

"இவ்வளவுதானோ?"
இவ்வளவுதான். மூன்று மணித்தியாலம்.

கனகேந்திரனின் லொறி நிறுவைப் பாலத்தில் ஏறியது.
எட்டாயிரத்து நானூற்றிருபது கிலோ.
பிரின்டர் இழுத்து இழுத்துத் துண்டைத் தள்ளியது.
அவர் நிறையைப் பார்க்கவில்லை.
மேல் மூலையில் திகதியைப் பார்த்தார்.
01.01.2009.

"அண்டைக்கு ஆர் பிள்ளை நெல்லு நிறுத்தது?"

சிரிக்கத் தொடங்கியதுபோல இருந்தது, பிறகு இல்லை.
மனேச்சர் எழும்பி வெளியே போய்
எட்டாவது லொறியை இன்னும் பின்னுக்கு எடுக்கச் சொன்னார்,
தேவையில்லாமல்.

உள்ளே உள்ள பற்றரி செத்தால்
போர்ட் தான் பிறந்த ஆண்டுக்குத் திரும்பிவிடும்.
இதைச் சொன்னேன்.
யாருக்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.
செற்றிங்குக்குள் போய்க் கூட்டல் விசையை அமத்த
ஆண்டு ஒவ்வொன்றாய் ஏறியது.
விரல் இடையில் எதிலும் நிற்கவில்லை.

புதுத் துண்டு அடித்துக் கொடுத்தேன்,
கிழிப்பதற்குப் பழையதைக் கேட்டேன்.
கனகேந்திரன் அதை நாலாய் மடித்துச்
சேட்டுப் பையில் வைத்திருந்தார்.
தரவில்லை.

சந்தி மணிக்கூட்டுக் கடையில் பற்றரி இருக்கும்.
அதை வாங்கி வரும்வரைக்கும்
கரண்ட் போனால் மறுபடி அங்கேதான் போய் நிற்கும் என்று
ஒரு கடதாசியில் எழுதி
மொனிற்றரில் ஒட்டிவிட்டு இறங்கினேன்.